ஒரிஜினல் மேகசினா, வெளி மேகசினா, மேகசினே இல்லாமலா?

அப்பாவின் பிர்னோ மாடல் 2 என்ற .22 ரைபிளின் லைசென்ஸ் மாறி என் பெயருக்கு வந்தபோது, அதோடு ஒரே ஒரு மேகசின்தான் இருந்தது. ஐந்து தோட்டா பிடிக்கிற சின்னத் தகட்டுப் பெட்டி. எப்போதோ கீழே விழுந்து அடிப்பக்கம் நசுங்கியிருந்தது. ஸ்பிரிங்கும் தளர்ந்துவிட்டது. சரி, புதிதாக ஒன்று வாங்கிவிடலாம் என்று பத்து தோட்டா பிடிக்கிற பிளாஸ்டிக் மேகசின் ஒன்றை வாங்கினேன். துப்பாக்கி செய்த கம்பெனியுடையது இல்லை, அதே அளவுக்கு வேறொருவர் செய்தது. சுடு பயிற்சி செய்கிற ரேஞ்சில் முதல் நாளே பத்துத் தோட்டாவில் மூன்று சிக்கின.

கோத்தகிரி, குன்னூர் பக்கம் .22 ரைபிள் வைத்திருக்கிற பலருக்கும் இதே நிலைமைதான். அப்பா காலத்துத் துப்பாக்கி நன்றாக இருக்கிறது, மேகசின்தான் படுத்துகிறது. இருக்கிற வெளி மேகசினைச் சரிசெய்து ஓட்டலாமா, தேடிப் பிடித்து ஒரிஜினல் வாங்கலாமா, இல்லை ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் போட்டே சுட்டுக்கொள்ளலாமா? மூன்றையும் நான் செய்து பார்த்திருக்கிறேன். மூன்றுக்கும் இடம் இருக்கிறது. ஆனால் எங்கே சிக்குகிறது என்று தெரிந்துகொள்ளாமல் எதைத் தேர்ந்தெடுத்தாலும் காசும் நேரமும் வீண்தான். அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

குண்டின் மூக்கைப் பார்க்க வேண்டும்

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் வெலிங்டனில் ஓய்வு பெற்ற ஒரு ஹவில்தார் அண்ணன். தோட்டாவைக் குழலுக்குள் தள்ளுகிற போல்ட்டை நான் ஓங்கித் தள்ளிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "தம்பி, அதோட சண்டை போடாத. வெளிய எடுத்து அந்தக் குண்டோட மூக்கைப் பாரு" என்றார்.

எடுத்துப் பார்த்தேன். ஈய மூக்கின் கீழ்ப்பக்கத்தில் பிறை நிலா மாதிரி ஒரு தழும்பு. தோட்டா போய் உட்காருகிற சேம்பரின் வாயில், கீழ் விளிம்பைத் துணியால் துடைத்தபோது தலைமுடி கனத்துக்கு ஓர் ஈயச் சீவல் சுருண்டு வந்தது. அந்தச் சீவல் குண்டிலிருந்து போன ஈயம். .22 லாங் ரைபிள் தோட்டாவில் வழக்கமான குண்டு 40 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 2.6 கிராம். பெரும்பாலும் மேலே செம்பு உறை கிடையாது. வெறும் ஈயத்தின் மேல் மெழுகுப் பூச்சுதான். நகத்தால் அழுத்தினாலே கோடு விழும். 50 மீட்டர் இலக்கில் பத்தாம் வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவு. ஒரு பக்கம் சீவப்பட்ட குண்டு அங்கே போய் உட்காரும் என்று எதிர்பார்க்க முடியாது. எனவே, "எப்படியோ உள்ளே போய்விட்டது, சுட்டுவிட்டேன்" என்பதும் தோட்டா சரியாக உள்ளே போனதாகக் கணக்கில் வராது.

மூக்கின் கீழே தழும்பு இருந்தால் தோட்டா தலை குனிந்து போகிறது என்று பொருள். மேகசின் தாழ்வாக உட்கார்ந்திருக்கலாம், உள்ளே தோட்டாவைத் தாங்கும் தட்டு முன்பக்கம் சாய்ந்திருக்கலாம், அல்லது மேகசின் வாயின் மடிப்பு தோட்டாவைத் தேவைக்கு மேல் பிடித்துவைத்திருக்கலாம். அந்த மடிப்பைத்தான் லிப் என்கிறோம். மேலே தழும்பு இருந்தால் லிப் முன்கூட்டியே விட்டுவிடுகிறது. ஒரு பக்கவாட்டில் மட்டும் நீளக் கோடு இருந்தால் இரண்டு லிப்பும் சமமாக இல்லை, அல்லது மேகசின் அதன் குழியில் இடவலமாக ஆடுகிறது. போல்ட் தோட்டாவை எடுக்காமல் அதன் தலைக்கு மேலேயே வழுக்கிப் போனால், மேகசின் தாழ்வு அல்லது ஸ்பிரிங் சோர்வு.

எத்தனையாவது தோட்டா சிக்குகிறது என்பதும் முக்கியம். நிறைய அடைத்திருக்கும்போது முதல் தோட்டா மட்டும் இறுகுகிறதா? பத்துக்குப் பதில் ஒன்பது போட்டுப் பாருங்கள். கடைசி இரண்டு மட்டும் மேலே வர மறுக்கிறதா? ஸ்பிரிங் அல்லது தட்டு. நடுவில், ஒரு ஒழுங்கும் இல்லாமல் சிக்குகிறதா? பெரும்பாலும் ரிம் மேல் ரிம் ஏறியிருக்கும்.

ரிம் விஷயம் .22 போல ரிம் துருத்திய தோட்டாக்களுக்கு உரியது. தோட்டாவின் அடியில் பித்தளை விளிம்பு துருத்திக்கொண்டிருக்கிறதே, அதுதான் ரிம். மேலே இருக்கிற தோட்டாவின் ரிம், கீழே இருப்பதன் ரிம்முக்கு முன்னால் உட்கார வேண்டும். அதற்காகத்தான் இந்த மேகசின்கள் சாய்வாகச் செய்யப்படுகின்றன. அடைக்கும்போது அவசரத்தில் ஒன்று பின்னால் மாட்டிக்கொண்டால், போல்ட் மேல் தோட்டாவைத் தள்ளும்போது அது கீழ்த் தோட்டாவையும் சேர்த்து இழுக்கும். அங்கேயே ஜாம். ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்தி, லிப்புக்கு அடியில் பின்னோக்கி முழுவதும் தள்ளி, அப்புறம் அடுத்ததைப் போட வேண்டும். அடைத்து முடித்ததும் மேகசினின் முதுகுப்பக்கத்தை உள்ளங்கையில் இரண்டு முறை தட்டுவது என் பழக்கம்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள்: போல்ட்டை முழுவதும் பின்னால் இழுக்கிறோமா? குப்புறப் படுத்துச் சுடும்போது தோளை அசைக்கக் கூடாது என்று பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். போல்ட் தோட்டாவின் ரிம்முக்குப் பின்னால் போகாவிட்டால் அதைப் பிடித்துத் தள்ளவே முடியாது. அப்படிச் சுடுகிறவருக்கு எந்த மேகசின் மாற்றினாலும் பயன் இருக்காது.

சிக்கிய தோட்டாவை எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. ரிம்ஃபயர் தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து நடுவில் இல்லை, அந்த ரிம்முக்குள் சுற்றிலும் இருக்கிறது. ரிம்மை எங்கே நசுக்கினாலும் அது வெடிக்கலாம். அதனால் ஸ்க்ரூ டிரைவரால் குத்துவது, போல்ட்டை உள்ளங்கையால் அறைவது இரண்டும் கூடவே கூடாது. குழல் முனை இலக்குப் பக்கமே இருக்க, மேகசினைக் கழற்றி, போல்ட்டை மெதுவாகப் பின்னால் இழுத்தால் பெரும்பாலும் தானே கீழே விழும். வீட்டில் சோதிப்பதாக இருந்தால் மருந்தில்லாத டம்மி தோட்டா மட்டும்தான். உயிர்த் தோட்டாவைப் பிரித்து டம்மி செய்கிற வேலை யாருக்கும் வேண்டாம்.

வெளி மேகசினைச் சரிசெய்வது

கையில் இருக்கிற பொருள், செலவு குறைவு, உடனே செய்யலாம். இந்த மூன்றும் இதன் பலம். பலவீனம் ஒன்றுதான்: தவறான இடத்தில் கைவைத்தால் திரும்பிப் போக வழியில்லை.

ஹவில்தார் அண்ணன் காட்டிய சோதனை மிக எளியது. டம்மி தோட்டா அடைத்து மேகசினை மாட்டி, இடது கை விரலால் அடியிலிருந்து லேசாக மேலே தாங்கிக்கொண்டு போல்ட்டைத் தள்ள வேண்டும். என் மேகசினில் தாங்கினால் பத்தும் வழுக்கிக்கொண்டு போயின. விரலை எடுத்தால் மூன்றாவதே முட்டியது. அதாவது லிப் நன்றாகத்தான் இருக்கிறது, ஸ்பிரிங்கும் சரி. மேகசின் உட்காரும் உயரம்தான் குறைவு. இது தெரியாமல் நான் லிப்பை வளைத்திருந்தால், நன்றாக இருந்ததையும் கெடுத்திருப்பேன்.

மேகசினின் பக்கத்தில் உள்ள பள்ளத்தின் மேல் விளிம்பு துப்பாக்கியில் மேகசினைப் பிடித்துவைக்கிற கொக்கியான லாட்ச் மேல் தொங்குகிறது. அந்த விளிம்பில் கனம் சேர்த்தால் மேகசின் மேலே ஏறும். குளிர்பானக் கேனின் தகட்டைக் கத்தரித்தேன். அதன் கனம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். ஒரு துண்டு வைத்துப் பார்த்தேன், கொஞ்சம் தேறியது. இரண்டு வைத்ததும் முட்டுவது நின்றது. மூன்றாவதை வைத்ததும் போல்ட்டின் அடி லிப்பில் உரசியது. மூன்றாவதை எடுத்துவிட்டு, இரண்டையும் எபாக்சி பசையால் ஒட்டி ஒருநாள் காய விட்டேன். கால் மில்லிமீட்டருக்கும் குறைவான வித்தியாசம்தான், என் மேகசினின் பிரச்சினை அவ்வளவுதான்.

எங்கே உரசுகிறது என்று கண்டுபிடிக்க கறுப்பு மார்க்கர் போதும். லிப்பின் உட்பக்கம், தட்டின் ஓரம் எல்லாவற்றிலும் பூசிவிட்டு இருபது முறை ஓட்டிப் பார்த்தால், உரசுகிற இடத்தில் மை போயிருக்கும். என் மேகசினில் இடது லிப்பின் உள்ளே அச்சு இணையும் கோடு பிசிறாக நின்றது. ஊசி மாதிரி மெல்லிய பிளாஸ்டிக். ஆயிரம் நம்பர் எமரித் தாளைத் தீக்குச்சியில் சுற்றி நாலைந்து முறை தேய்த்தேன். குண்டின் பக்கவாட்டுக் கோடு மறைந்தது.

தகட்டு மேகசினாக இருந்தால் லிப்பை வளைக்க முடியும். இடுக்கியைக் கையில் எடுப்பதற்கு முன் வெர்னியர் காலிப்பரால் இரண்டு முனையிலும் இடைவெளியை அளந்து எழுதிவையுங்கள். அளவு எழுதாமல் வளைத்தவர்கள் யாரும் பழைய நிலைக்குத் திரும்பியதை நான் பார்த்ததில்லை. உங்களிடம் இருப்பதே அந்த ஒரு மேகசின்தான் என்றால் வளைக்கவே வேண்டாம். பிளாஸ்டிக் லிப்பைச் சூடுபடுத்தி வளைக்கிற யோசனையும் வேண்டாம். அன்றைக்கு வளையும், ஒரு வாரத்தில் பழையபடி வந்து நிற்கும், அல்லது விரிசல் விடும்.

ஸ்பிரிங்கை இழுத்து நீட்டுகிறவர்கள் உண்டு. இரண்டு மாதம் வேலை செய்யும், அப்புறம் முன்னைவிடச் சோர்ந்துபோகும். கழற்றிச் சுத்தம் செய்தவர்கள், ஸ்பிரிங்கைத் தலைகீழாக மாட்டியிருக்கிறோமா என்று முதலில் பார்க்க வேண்டும். அப்படி மாட்டினால் தட்டு மூக்குப்பக்கம் குனிந்துவிடும். கழற்றும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் இந்தக் குழப்பமே வராது.

நம் மலைக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு. டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கம் புல்லில் உறைபனி கிடக்கிற காலையில் தோட்டாவின் மெழுகு கெட்டியாகிவிடும். மேகசினுக்குள் உதிர்ந்த மெழுகும் புகைத்தூளும் சேர்ந்து ஒரு பசைபோல் தட்டைப் பிடித்துக்கொள்ளும். மதியம் நன்றாக ஓடிய மேகசின் காலை ஏழு மணிக்குத் திணறினால், காரணம் பெரும்பாலும் இதுதான். ஆடி மாதத்து மழையும் மூடுபனியும் வேறு விதம். தகட்டு மேகசினின் உட்சுவரில் துரு பிடிக்கும். இரண்டுக்கும் வைத்தியம் கழற்றித் துடைப்பதுதான். எண்ணெயை ஊற்றினால் தூசி ஒட்டி நிலைமை மோசமாகும். எண்ணெய் தொட்ட துணியால் ஒரு முறை, உலர்ந்த துணியால் இரண்டு முறை, அவ்வளவுதான். தோட்டாவை மாற்றிப் பார்ப்பதும் இந்தக் கட்டத்திலேயே செய்ய வேண்டியது. சில பெட்டிகளில் மூக்கு மொட்டையாக இருக்கும், சிலவற்றில் மெழுகு அதிகம். போல்ட் ஆக்‌ஷனில் தோட்டாவின் வேகம் அது உள்ளே போவதைப் பாதிக்காது, மூக்கின் வடிவமும் நீளமும் பாதிக்கும். ஒரே மேகசின் ஒரு பெட்டித் தோட்டாவில் சிக்கி இன்னொன்றில் ஓடினால், செலவில்லாமல் விடை கிடைத்துவிட்டது.

சேம்பர் வாய், லாட்ச், போல்ட் இவற்றில் மட்டும் வீட்டில் அரம் போடக் கூடாது. அது லைசென்ஸ் உள்ள துப்பாக்கி ரிப்பேர்காரரின் வேலை. சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. மேகசின் கெட்டால் வேறு மேகசின் வாங்கலாம், சேம்பர் கெட்டால் துப்பாக்கியே போய்விடும்.

ஒரிஜினல் வாங்குவது

பிர்னோக்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. செக் நாட்டில் இந்தத் துப்பாக்கியின் வழியில் வந்ததுதான் சிஇசட் 452. அதன் மேகசின் 455, 457 ரைபிள்களுக்கும் பொருந்தும், பழைய பிர்னோவிலும் பெரும்பாலும் மாட்டும். பெரும்பாலும் என்றுதான் சொல்ல முடியும். ஐம்பது, அறுபது வருடம் தேய்ந்த லாட்ச் துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். தகட்டில் செய்த ஐந்து தோட்டா மேகசின்தான் என் முதல் தேர்வு. சாய்வு குறைவு, ஸ்பிரிங்கின் வேலையும் குறைவு, சிக்கலும் குறைவு.

ஒரிஜினலை மாட்டியதும் வித்தியாசம் கையிலேயே தெரியும். லாட்ச் 'க்ளிக்' என்று ஒரே சத்தத்தில் பிடிக்கும், மேகசின் ஆடாது, போல்ட் தோட்டாவைத் தொட்டதும் மூக்கு தானாகச் சேம்பரைப் பார்த்து எழும். என் நண்பர் ஒருவரின் மேகசினை வாங்கி என் துப்பாக்கியில் நூறு தோட்டா சுட்டேன். ஒன்றுகூடச் சிக்கவில்லை. துப்பாக்கியில் குறை இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. வெளி மேகசினோடு போராடுகிற யாரும் முதலில் இதைச் செய்ய வேண்டும்: ரேஞ்சில் யாரிடமாவது நன்றாக ஓடுகிற மேகசினைக் கடன் வாங்கி மாட்டிப் பாருங்கள். அதிலும் சிக்கினால் மேகசின் வாங்குகிற செலவே வேண்டாம், துப்பாக்கியைத்தான் காட்ட வேண்டும்.

கிடைப்பதுதான் கஷ்டம். 1959ஆம் வருட ஆயுதச் சட்டத்தில் துப்பாக்கியின் பாகங்களும் ஆயுதம் என்ற சொல்லுக்குள் வருகின்றன. வெளிநாட்டில் இருக்கிற மச்சானிடம் சொல்லிப் பார்சலில் வரவழைக்கலாம் என்று நினைக்கவே கூடாது. லைசென்ஸ் உள்ள டீலரிடம் சொல்லி வைத்துக் காத்திருக்க வேண்டும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கி கோயம்புத்தூர் போய்வர ஒரு நாள் போகும். டீலரிடம் பழைய மேகசின் கிடைத்தாலும் அதன் லிப் வளைந்திருக்கிறதா, ஸ்பிரிங் சோர்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் வாங்கக் கூடாது. ஒரிஜினல் என்பதற்காகக் கெட்டுப்போன மேகசின் நல்லதாகிவிடாது.

மேகசினே இல்லாமல்

இந்த வழியைப் பலர் யோசிப்பதே இல்லை. ஆனால் போட்டிக்குப் பயிற்சி செய்கிறவருக்கு இதுதான் முதல் வழி. சர்வதேச விதிப்படி 50 மீட்டர் ரைபிள் போட்டியில் ஒவ்வொரு தோட்டாவையும் தனித்தனியாகக் கையால்தான் போட வேண்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வாங்கியது அப்படிச் சுட்டுத்தான். குப்புறப் படுத்துச் சுடும் போட்டியில் 60 தோட்டாவுக்கு 50 நிமிடம். ஒவ்வொன்றாகப் போட்டாலும் நேரம் தாராளமாகவே இருக்கிறது.

வெறும் மேகசின் குழியோடு போட்டால் தோட்டா வழுக்கி அடிவழியாகப் பாயில் விழுந்துவிடும். அந்தக் குழியில் பொருந்துகிற ஒற்றைத் தோட்டாக் கட்டை ஒன்று உண்டு, சிஇசட் அளவில் விற்கிறார்கள். அதன் மேல் தோட்டாவை வைத்துப் போல்ட்டைத் தள்ளினால் நேராகப் போய் உட்காரும். மூக்கில் கீறல் விழாது. என் துப்பாக்கியில் இலக்குத் துளைகள் மிக நெருக்கமாக விழுந்ததெல்லாம் இப்படிச் சுட்டபோதுதான். தோட்டா எடுக்க, போட, மூச்சைச் சீராக்க என்று ஒரு தாளம் வந்துவிடுகிறது. சுடப் பழகுகிற பிள்ளைகளுக்கும் இதையே சொல்வேன். துப்பாக்கியில் ஒரு நேரத்தில் ஒரு தோட்டாதான் இருக்கிறது என்பது பக்கத்தில் நிற்கிற பெரியவருக்கும் நிம்மதி.

இதன் குறை: குளிரில் விறைத்த விரலால் அந்தச் சின்னத் தோட்டாவைப் பிடிப்பது சிரமம். ஐந்து தோட்டாவை அடுத்தடுத்துச் சுடுகிற கிளப் பயிற்சிகளுக்கும் ஒத்துவராது. மேகசினோடு சுட்டுப் பழகியவர்களுக்கு மேகசின் இல்லாமல் கை வெறுமையாக இருப்பது போலத் தோன்றும்.

பத்துத் தோட்டா மேகசின் எதற்கு வேண்டும் என்று கேட்டால் சிலர், "தோட்டத்துக்குள்ள காட்டெருமை வருது, பன்னி வருது" என்கிறார்கள். அதற்காக என்றால் எந்த மேகசினும் வேண்டாம். 1972ஆம் வருட வன உயிரினச் சட்டத்தில் காட்டெருமை முதல் அட்டவணையில் இருக்கிறது. சட்டத்தை விட்டாலும், 2.6 கிராம் ஈயம் அந்த உடம்பைக் காயப்படுத்தும், அவ்வளவுதான். காயம்பட்ட காட்டெருமை அடுத்த நாள் காலையில் கொழுந்து பறிக்க வருகிற அக்காக்களின் எதிரில் நிற்கும். வனத்துறைக்குப் போன் செய்வதுதான் வழி. இந்த ரைபிள் காகித இலக்குக்கு மட்டும்.

நான் எடுத்த முடிவு

துல்லியப் பயிற்சிக்கு ஒற்றைத் தோட்டாக் கட்டை. ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்கு, தகடு ஒட்டிச் சரிசெய்த வெளி மேகசின், பத்துக்குப் பதில் எட்டுத் தோட்டாவோடு. அந்தத் தகடு ஒட்டிய பிறகு இருநூறு தோட்டாவுக்கு மேல் ஓடிவிட்டது, இரண்டு முறை சிக்கியது, இரண்டும் உறைபனிக் காலையில். ஆனாலும் அதை முழுதாக நம்பிவிடவில்லை. ஐந்து தோட்டா ஒரிஜினல் ஒன்றுக்கு டீலரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

உங்கள் நிலைமை வேறாக இருக்கலாம். விரலால் தாங்கினால் சரியாகிறது என்றால் சரிசெய்வதில் இறங்குங்கள், ஒரு மாலை நேரத்து வேலைதான். தாங்கினாலும் சிக்கி, மூக்கில் மேலும் கீழும் மாறி மாறித் தழும்பு விழுந்தால் அந்த மேகசினோடு மல்லுக்கட்டாதீர்கள், அதன் அச்சே சரியில்லை. அதை ஒதுக்கிவைத்துவிட்டு ஒரிஜினலுக்குக் காத்திருக்கும்வரை ஒற்றைத் தோட்டாவில் சுடுங்கள்.

வாங்கப் போகும்போது மேகசினை மட்டும் பார்த்து வாங்கிவராமல், லைசென்ஸோடு துப்பாக்கியையும் உறையில் கட்டி எடுத்துப் போங்கள். டம்மி தோட்டா பத்துப் பையில் இருக்கட்டும். கடையிலேயே மாட்டி, விரலால் தாங்காமல் மூன்று முறை முழு மேகசினையும் ஓட்டிப் பார்த்து, டம்மியின் மூக்கில் கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு பணத்தைக் கொடுங்கள்.